மைசூர் தசரா விளக்குகள்: ஆட்டோவில் அம்மாவுடன் ஒரு மாலை

மைசூர் தசராவுக்குக் கிளம்புகிறவர்கள் ரயில் டிக்கெட்டையும் தங்கும் அறையையும் மாதக்கணக்கில் முன்னதாகவே யோசிக்கிறார்கள். ஊருக்குள் எதில் ஏறி விளக்குகளைப் பார்ப்பது என்பதை மட்டும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நடக்க முடியாதவர் ஒருவரும் குழந்தை ஒன்றும் உடன் வரும்போது, இந்த விட்டுப்போன விஷயம்தான் பயணத்தைத் தீர்மானிக்கிறது. நாங்கள் ஆட்டோவில் சுற்றினோம். தசரா விளக்குகளைப் பார்க்க ஆட்டோவை விடப் பொருத்தமான வண்டி இல்லை என்று உறுதியாகச் சொல்கிறேன். ஏன் என்பதையும், எப்படிச் சுற்றினால் பார்த்த நிறைவு கிடைக்கும் என்பதையும் எழுதி வைக்கிறேன். அம்மாவையோ மாமியாரையோ அழைத்துப் போக நினைத்துத் தயங்குகிறவர்களுக்காகவே இது.

அம்மாவுக்கு 72 வயது. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். சமதரையில் பத்து நிமிடம் நடப்பார், அதற்கு மேல் உட்கார இடம் தேடுவார். எங்கள் ஊர் குளித்தலை. அம்மா விடாமல் கொலு வைக்கிறவர். நவராத்திரி வந்தால் எங்கள் வீடு அவர் வசம் போய்விடும். மைசூர் நவராத்திரியை நேரில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கூட்டத்தை நினைத்து நாங்கள்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம். கடைசியில் நான், அம்மா, நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகள் என்று மூவரும் மயிலாடுதுறை வழியாக வருகிற மைசூர் விரைவு ரயிலில் திருச்சியில் ஏறினோம். இரவு ஏறினால் காலையில் மைசூர். படுத்துக்கொண்டே போகலாம் என்பதால் முழங்கால்காரர்களுக்குப் பஸ்ஸை விட இதுதான் நல்லது. கீழ்ப் படுக்கைக்கு முன்பதிவு செய்யும்போதே வயதைச் சரியாகக் குறிப்பிட்டுவிடுங்கள்.

தசரா அலங்காரம் என்றால் அரண்மனை மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அரண்மனை அதில் ஒரு பகுதி. சாமுண்டேஸ்வரி மின் வழங்கல் நிறுவனம் நகரத்துச் சாலைகளில், அண்மை ஆண்டுகளில் 100 கிலோமீட்டருக்கும் மேலான நீளத்துக்கு, விளக்கு அலங்காரம் செய்கிறது. சாலைக்கு மேலே தோரணமாக, மரங்களைச் சுற்றிச் சரமாக, சர்க்கிள்களில் பெரிய உருவங்களாக விளக்குகள். இதை நடந்து பார்த்து முடிக்க முடியாது. முழுவதையும் பார்க்க வேண்டியதும் இல்லை. நல்ல நான்கைந்து சாலைகளை நிதானமாகப் பார்த்தால் போதும்.

காரில் போனால் என்ன என்று கேட்கலாம். தோரண விளக்குகள் தலைக்கு மேலே இருக்கின்றன. காரின் கூரை அவற்றை மறைத்துவிடும். கண்ணாடியை ஏற்றிவிட்டால் நாதஸ்வரச் சத்தமும் மல்லிகை வாசனையும் உள்ளே வராது. இவற்றையெல்லாம் விடப் பெரிய சிக்கல், தசரா மாலைகளில் அரண்மனையைச் சுற்றியுள்ள சாலைகளை ஒருவழிப் பாதையாக்கிவிடுகிறார்கள். சிலவற்றில் வண்டிகளையே விடுவதில்லை. காரை நிறுத்த இடம் தேடியே பாதி மாலை போய்விடும். சுற்றுலா வளர்ச்சிக் கழகம் விடும் ‘அம்பாரி’ என்ற திறந்த மாடிப் பேருந்து இருக்கிறது. தோரணங்களை அந்த உயரத்தில் இருந்து பார்ப்பது அருமையான காட்சிதான். கால் நன்றாக இருப்பவர்கள் கட்டாயம் ஏறிப் பார்க்கட்டும். ஆனால் மேல்தளத்துக்குப் படியேற வேண்டும், நினைத்த இடத்தில் இறங்க முடியாது, நிறுத்தி இன்னும் ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லவும் முடியாது. டாங்கா எனப்படும் குதிரை வண்டி மைசூருக்கே உரிய அழகு. அதைக் காலை நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். இரவு நெரிசலில், ஹாரன்களுக்கு நடுவில் அந்தக் குதிரை நிற்பதைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆட்டோவில் இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது. ஏறும் படி தாழ்வாக இருப்பதால் முழங்கால் அதிகம் மடங்க வேண்டாம். சந்துக்குள் நுழைந்து வெளியே வரும். எல்லாவற்றையும் விட, அதன் வேகமே விளக்குகளைப் பார்க்கிற வேகம். நெரிசலில் மணிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் அது போவதில்லை. சாலையில் எரிச்சல் மூட்டும் அந்த வேகம் தசரா இரவில் வரமாகிவிடுகிறது.

ஓட்டுநரைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். ரயில் நிலைய வாசலிலோ அரண்மனை வாசலிலோ தாமாக வந்து அழைப்பவர்களிடம் நான் பேசுவதில்லை. அப்படி அழைத்த ஒருவர் சொன்ன தொகை மிகக் குறைவாக இருந்தது. விசாரித்தால், வழியில் ஒரு பட்டுக் கடையிலும் ஒரு சந்தன எண்ணெய்க் கடையிலும் இறங்கிப் பார்க்க வேண்டுமாம். கடைக்காரர் தரும் கமிஷனில் அந்தக் குறைவை அவர் ஈடுகட்டிக்கொள்வார். நமக்கோ விளக்கு எரியும் நேரத்தில் ஒரு மணி போய்விடும். நாங்கள் தங்கியிருந்த விடுதியில் காலையில் ஒரு நல்ல ஓட்டுநரைச் சொல்லும்படி கேட்டோம். மாலை ஐந்தரைக்கு வந்தவர் ஐம்பது வயதுக்காரர். கன்னடமும் உருதும் அவருக்கு இயல்பு, தமிழ் ஓரளவு வரும். மாலை ஐந்தரையிலிருந்து ஒன்பதரை வரை வண்டி எங்களுடனேயே இருக்க வேண்டும், காத்திருப்புக்குத் தனிக் காசு இல்லை, கடைகளுக்குப் போவதில்லை என்று முதலிலேயே பேசி 1,200 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். இதை மீட்டர் கணக்கில் பேசாதீர்கள். மீட்டர் ஓடினால் ஓட்டுநருக்கு நெரிசலைக் கடந்துவிட வேண்டும் என்ற அவசரம் இருக்கும், நமக்கு மீட்டர் மேல் கண் இருக்கும். நேரக் கணக்கில் பேசினால் இருவருக்கும் பதற்றம் இல்லை.

கிளம்பும் முன் அவரிடம் இரண்டு உதவிகள் கேட்டேன். ஆட்டோவின் உட்கூரையில் நீலமும் சிவப்புமாக ஓடும் சின்ன விளக்குச் சரத்தை அணைத்துவிட வேண்டும், முன் கண்ணாடியை ஒருமுறை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். உள்ளே வெளிச்சம் இருந்தால் வெளியில் இருக்கும் நுணுக்கமான ஒளி கண்ணில் நிற்காது. எதிரே வரும் தோரணம் முழுதாகத் தெரிவது அந்த முன் கண்ணாடி வழியாகத்தான். அதில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒவ்வொரு விளக்கும் சிதறிப்போகும். ஓட்டுநர் முகம் சுளிக்கவில்லை. இப்படிக் கேட்டவர்கள் குறைவு என்று சொல்லிவிட்டு, பாட்டையும் தாமாகவே நிறுத்தினார்.

உட்காரும் இடமும் முக்கியம். வண்டிகள் இடப்பக்கமாகப் போவதால் சாலையோர அலங்காரம் இடது பக்கம் அமர்ந்தவருக்கு மிக அருகில் தெரியும். அம்மாவை அங்கே உட்கார வைத்தேன், இறங்கவும் வசதி. வலது பக்கம் கம்பி இருப்பதால் அங்கே நான். மகள் நடுவில், முன் கண்ணாடிக்கு நேர் எதிர் இடம் அதுதான். குழந்தைகள் கையை வெளியே நீட்டாமல் இருக்கவும் அது நல்லது.

அம்மாவுக்காகச் சில முன்னேற்பாடுகள். மாலை மாத்திரையைக் கிளம்பும் முன்பே கொடுத்துவிட்டேன். ஐந்து மணிக்கே இட்லி. ஏழரை மணிக்கு எங்காவது சாப்பிடலாம் என்று நினைத்தால் தசரா இரவில் எந்த ஓட்டலிலும் உட்கார இடம் கிடைக்காது. கழிப்பறை விஷயத்தை வெட்கப்படாமல் திட்டமிட வேண்டும். அறையில் இருந்து போய்விட்டுக் கிளம்புவது, நடுவில் ஒருமுறை அறைப் பக்கமே வந்துபோவது என்று வைத்துக்கொண்டோம். நகரின் நடுவில் அறை எடுப்பதன் முழுப் பயன் அதுதான். தண்ணீர் குடிப்பதைக் குறைக்கச் சொல்லாதீர்கள். அது வயதானவர்களை வேறு விதத்தில் வாட்டும். புகைக்கு ஒரு முகக்கவசம், குளிருக்கு ஒரு சால்வை. மைசூர் கடல் மட்டத்தில் இருந்து 700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இரவில் திறந்த வண்டியில் காற்று சில்லென்று படும்.

அக்டோபரில் அங்கே சூரியன் ஆறு, ஆறேகால் மணி வாக்கில் மறைகிறது. நம் பக்கத்து ஊர்களில் அந்தி வெகு சீக்கிரம் முடிந்துவிடும். வானத்தில் நீலம் இன்னும் மிச்சமிருந்து, கீழே விளக்கும் எரிகிற நேரம் அரை மணிகூட நீடிக்காது. கட்டடங்களின் உருவமும் ஒளியும் சேர்ந்து தெரிவது அந்த நேரத்தில் மட்டும்தான். அதனால் லலித மஹாலில் தொடங்கினோம். ஊரின் கிழக்கே, சாமுண்டி மலையடிவாரப் பக்கம், தூய வெள்ளையாக நிற்கும் மாளிகை அது. வைஸ்ராய்கள் வந்தால் தங்குவதற்காக 1921இல் அடிக்கல் நாட்டிக் கட்டப்பட்டது. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் சாயலில் நடுவே பெரிய குவிமாடம். இன்று அது ஓட்டல். வெளிச் சாலையில் நின்றே, இருட்டும் முன் அதன் வெள்ளை மெல்ல நீலமாவதைப் பார்த்தோம். அம்மா வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

அங்கிருந்து நகரத்துக்குள் திரும்பும்போது, வந்த வழியெல்லாம் சரவிளக்குகள் எரியத் தொடங்கிவிட்டிருந்தன. வெளியில் இருந்து உள்ளே வருவதுதான் சரியான வரிசை. முதலில் அரண்மனைக்குப் போனால், அதற்குப் பிறகு பார்க்கும் எந்தச் சாலையும் மங்கலாகத் தோன்றும். கூட்டமும் உங்களை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

அரண்மனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய மர அரண்மனை 1897இல் ஒரு அரச குடும்பத் திருமணத்தின்போது தீயில் எரிந்துபோனது. இப்போது இருப்பதை வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் அவர் கை உண்டு. கட்டி முடித்தது 1912இல். அதில் ஏறக்குறைய ஒரு லட்சம் விளக்குகள் இருக்கின்றன. மற்ற ஊர்களில் கட்டடத்தின் மேல் வெளியில் இருந்து ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். இங்கே அப்படி இல்லை. வளைவு, தூண், மாடம், குவிமாடம் என்று ஒவ்வொரு விளிம்பிலும் மஞ்சள் விளக்குகளைக் கோத்திருக்கிறார்கள். சுவர் இருட்டிலேயே இருக்கும், கோடுகள் மட்டும் எரியும். மார்கழி விடியலில் வாசலில் புள்ளி வைத்து இழுத்த கோலம் போல, இருட்டில் புள்ளிகளாலேயே ஒரு மாளிகை எழுந்து நிற்கிறது. ஞாயிறுகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் ஆண்டு முழுவதும் மாலையில் சிறிது நேரம் இதைக் காணலாம். தசராவின்போது தினமும், அதிக நேரம்.

அரண்மனையின் முகப்பு கிழக்கு நோக்கியது. தொட்டகெரே மைதானத்துப் பக்கம் இருக்கும் ஜயமார்த்தாண்ட வாயில்தான் அதற்கு நேர் எதிர். கூட்டத்தில் உள்ளே நுழைய முடியாதவர்கள் அந்தப் பக்கம் நின்றால், வாயில் வளைவுக்கு நடுவில் முகப்பு நேராகத் தெரியும். தசரா மாலைகளில் உள்ளே இசை நிகழ்ச்சிகள் நடப்பதால் வளாகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். நாங்களும் உள்ளே போனோம். ஓட்டுநர் எங்களை வாயிலுக்கு எவ்வளவு அருகில் விட முடியுமோ அவ்வளவு அருகில் விட்டார். போலீஸ் தடுப்புக்கு முன்னால் இறங்கிய இடத்தையும், ஒரு மணி நேரம் கழித்து அவர் வந்து நிற்கும் இடத்தையும் தனித்தனியாகப் பேசிக்கொண்டோம். இரண்டும் ஒரே இடமாக இருக்க முடியாது. அந்த ஒரு மணியில் எந்தச் சாலையை அடைப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவழிப் பாதை எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அதற்கு ஏற்ற இடத்தை அவரே சொன்னார். ஆட்டோவின் பின்புறத்தையும் எண்ணையும் கைபேசியில் படம் பிடித்து வைத்தேன். திரும்பி வரும்போது ஒரே மாதிரி நூறு ஆட்டோக்கள் நிற்கும். கைபேசிச் சிக்னலும் அந்தக் கூட்டத்தில் திணறும்.

மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுபோயிருந்தோம். மூன்று காலில் நிற்கிற, குடை அளவுக்குச் சுருங்குகிற வகை. அம்மாவின் தசராவை நடத்திக் கொடுத்தது அதுதான் என்பேன். புல்வெளி ஓரத்தில் அதை விரித்து அவரை உட்கார வைத்தேன். ஏழு மணிக்கு எந்த அறிவிப்பும் இல்லாமல் அரண்மனை முழுவதும் ஒரே நொடியில் எரிந்தது. ஒவ்வொன்றாக ஏறும் என்று எதிர்பார்த்திருந்தோம். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இவ்வளவுக்கும் கரண்ட் எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் காலத்தில்தான் சிவசமுத்திரத்தில் காவிரி அருவியில் இருந்து மின்சாரம் எடுக்கும் திட்டம் உருவானது. 1902இல் அங்கிருந்து கோலார் தங்க வயலுக்கு மின்சாரம் போனது. ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி வழியாக அவ்வளவு தூரம் மின்சாரத்தைக் கொண்டுபோனது அந்நாளில் உலகமே கவனித்த காரியம். 1905இல் பெங்களூருக்கும், அதற்குப் பின் மைசூருக்கும் வந்தது. இன்று மின்சாரம் பல நிலையங்களில் இருந்து வந்து ஒரே வலையில் கலந்துவிடுகிறது. ஆனாலும் இந்த ஊரின் முதல் மின்விளக்கை எரித்தது காவிரிதான். “அங்கே விளக்கை ஏற்றிவிட்டு அப்புறம்தான் நம் ஊருக்கு வருகிறாளா?” என்று அம்மா கேட்டார். குளித்தலையில் கடம்பந்துறைப் படிக்கட்டில் இறங்கிக் குளித்து வளர்ந்தவர் அவர். விளக்குகளைப் பற்றி எத்தனையோ சொல்ல வைத்திருந்தேன். அவருக்கு அந்த ஒன்று போதுமானதாக இருந்தது.

எட்டு மணிக்கு மேல் ஊர்வலப் பாதையைப் பார்த்தோம். விஜயதசமி அன்று ஜம்பூ சவாரி என்ற யானை ஊர்வலம் போகும் வழி அது. அரண்மனையில் இருந்து கே.ஆர். சர்க்கிள், சயாஜி ராவ் சாலை வழியாக பன்னிமண்டபம் வரை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரியில் சாமுண்டேஸ்வரியை ஏற்றி யானை இதில்தான் நடக்கும். மைசூரை ஆண்ட உடையார்களின் தசரா 1610இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ராஜ உடையார் தொடங்கியது. விஜயநகரத்து மகாநவமியின் தொடர்ச்சி என்றுதான் அதைச் சொல்வார்கள். ஊர்வலத்தன்று தடுப்புக்குப் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு பார்க்க வேண்டிய பாதையை, சில நாட்கள் முன்னதாக ஆட்டோவில் உட்கார்ந்தபடி முழுவதுமாகப் பார்க்க முடிந்தது.

இந்தச் சாலையில் நான் கவனித்தது ஒன்று. பன்னிமண்டபத்தை நோக்கிப் போகும்போது கிடைக்கும் காட்சி வேறு, நகர மையத்தை நோக்கித் திரும்பும்போது கிடைப்பது வேறு. திரும்பும் திசையில் தோரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி நிற்க, கடைசியில் கே.ஆர். சர்க்கிளில் மண்டபத்துக்குள் நிற்கும் நாலாம் கிருஷ்ணராஜ உடையாரின் சிலை வருகிறது. நேரம் ஒரு வழிக்குத்தான் இருக்கிறது என்றால், வடக்கு முனையில் தொடங்கி மையத்தை நோக்கி வாருங்கள். போகும்போது வேறு தெரு வழியாகப் போகலாம். எங்கள் ஓட்டுநர் அசோகா சாலை வழியாக அழைத்துப் போனார். அங்கேதான் புனித பிலோமினா தேவாலயம். 1933இல் நாலாம் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டியது. ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தின் சாயலில் இரட்டைக் கோபுரம், ஒவ்வொன்றும் 175 அடி. இந்து அரசர் அடிக்கல் நாட்டிய தேவாலயத்தைச் சாமுண்டியின் திருவிழா இரவில் அண்ணாந்து பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆட்டோவின் கூரை மறைப்பதால் இங்கே மட்டும் இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

மணிக்கூண்டுகள் இரண்டு. தேவராஜ மார்க்கெட் பக்கம் இருப்பதைச் சின்ன மணிக்கூண்டு என்கிறார்கள். நகர மன்றத்துக்கு அருகில் இருப்பது பெரிய மணிக்கூண்டு. 1927இல், அரசரின் ஆட்சி வெள்ளிவிழாவுக்காக எழுப்பியது. அந்த மன்றத்தின் பெயர் ரங்காசார்லு நினைவு மண்டபம். சென்னை மாகாணத்தில் பணியாற்றிவிட்டு மைசூர் திவானாக வந்தவர் ரங்காசார்லு. அவர் காலத்தில் 1881இல் தொடங்கிய மைசூர் பிரதிநிதிகள் சபையின் முதல் கூட்டம் தசராவை ஒட்டித்தான் கூடியது. ஊர் ஊராக இருந்து மக்கள் எப்படியும் தசராவுக்கு வருவார்கள், அப்போதே அவர்கள் குறைகளையும் கேட்டுவிடலாம் என்ற ஏற்பாடு எவ்வளவு நல்ல யோசனை!

ஒன்பது மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. அக்டோபர் மைசூரில் மழை மாதம், இதை எதிர்பார்த்தே போக வேண்டும். ஓட்டுநர் இரு பக்கப் படுதாக்களையும் இறக்கினார். கால் மணியில் மழை ஓய்ந்ததும் படுதாவைச் சுருட்டச் சொன்னோம். நனைந்த தார்ச் சாலையில் மேலே இருந்த ஒவ்வொரு விளக்கும் கீழேயும் எரிந்தது. கூட்டம் கடை ஓரங்களில் ஒதுங்கியிருந்ததால் சாலை காலியாக இருந்தது. அன்றைய மாலையின் சிறந்த கால் மணி நேரம் அது. மழை வந்தால் அறைக்குத் திரும்பிவிடாதீர்கள். ஒதுங்கி நின்று, ஓய்ந்ததும் மறுபடி கிளம்புங்கள்.

படம் எடுப்பது பற்றிச் சுருக்கமாக. ஓடும் ஆட்டோவில் இருந்து எடுக்கும் புகைப்படம் பெரும்பாலும் கலங்கித்தான் வரும். வீடியோ எடுங்கள், அல்லது வண்டி நிற்கும்போது எடுங்கள். எல்இடி தோரணங்களை வீடியோ எடுக்கும்போது திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றனவா? நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்பதால் பல விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கின்றன. கேமராவில் நொடிக்கு 25 அல்லது 50 படங்கள் என்று மாற்றினால் பட்டைகள் பெரும்பாலும் மறைந்துவிடும். அரண்மனையை எடுக்கும்போது திரையில் விளக்குகளைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கோடுகள் எல்லாம் கரைந்து ஒரே மஞ்சளாகிவிடும். அதற்குப் பிறகு கைபேசியைப் பையில் போட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். திரையின் வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு வெளியில் இருக்கும் மென்மையான ஒளி எட்டாது.

ஆயுத பூஜை அன்று மாலையும் அதே ஓட்டுநரை அழைத்தோம். ஆட்டோவின் முகப்பில் வாழைக்கன்றும் செவ்வந்தி மாலையும், கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும். காலையில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் பூஜை போட்டுவிட்டு வந்திருந்தார். ஊரில் ஓடுகிற ஒவ்வொரு வண்டியும் அன்று அப்படித்தான் இருக்கும். விளக்குகளைப் பார்க்கப் போகிற வண்டியே திருவிழாவின் ஒரு பகுதியாகிவிடும். அன்று ஓட்டுநர்கள் பலர் பூஜை முடித்து வீட்டில் இருப்பார்கள், வாடகையும் ஏறும், முன்பே சொல்லி வையுங்கள். வெற்றிலை பாக்கும் பழமும் வைத்து, பேசியதற்கு மேல் கொஞ்சம் கொடுப்பது மரியாதை. அம்மா தாம் கொண்டுவந்த சுண்டலையும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். இருசக்கர வண்டியில் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: தெருவெங்கும் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்துக் கிடக்கும். இருட்டில் அதன் மேல் சக்கரம் ஏறினால் வழுக்கிவிடும். இதற்காகவும் ஆட்டோவே மேல்.

சாமுண்டி மலையை இந்தச் சுற்றில் சேர்க்காதீர்கள். மலைப் பாதையின் காட்சி முனையில் இருந்து ஊர் முழுவதும் ஒளியாகவும், அதன் நடுவே அரண்மனை தனியாகவும் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் நவராத்திரி மாலைகளில் மேலே போகவும் இறங்கவும் ஆகும் நேரத்தைக் கணிக்க முடியாது. அதை வேறொரு மாலையாக வைத்துக்கொள்வது நல்லது. விஜயதசமி அன்று ஆட்டோ சுற்றுலா என்ற எண்ணமே வேண்டாம், மையச் சாலைகள் மூடியிருக்கும். அன்று வயதானவர்களுக்கு அறையில் தொலைக்காட்சி நேரலைதான் வசதி.

இன்னொன்றையும் ஓட்டுநரிடம் இருந்து தெரிந்துகொண்டேன். அண்மை ஆண்டுகளில் விஜயதசமிக்குப் பிறகும் சில நாட்கள் சாலை அலங்காரத்தை நீட்டிக்கிறார்கள். ஊர்வலம் முடிந்ததும் வெளியூர்க் கூட்டம் வடிந்துவிடும், தடுப்புகள் எடுக்கப்படும், அறை வாடகையும் இறங்கும். அம்மாவைப் போன்றவர்களை அழைத்துப் போக அந்த நாட்களே மிகச் சிறந்தவை. நீட்டிப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறும், அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்க வேண்டும். அரண்மனை விளக்குகளும் வேண்டும் என்றால் அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறதா என்று பாருங்கள்.

சொந்தக் காரில் வருகிறவர்கள் காரை விடுதியிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் சுற்றலாம். விளக்குகளைப் பார்த்த கையோடு இரவே ஊர் திரும்பிவிடலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். ஊட்டிப் பக்கம் போகும் பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படுகிறது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகும் திம்பம் மலைப்பாதையிலும் இரவுக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. காட்டு விலங்குகளுக்காகச் செய்திருக்கும் ஏற்பாடு அது, அதில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அந்த இரவையும் மைசூரிலேயே தங்கிவிட்டு, காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு கிளம்பும்படி அறையை எடுத்துக்கொள்ளுங்கள்.